மீதியை அவன் சொல்வான்

புத்தகத்தில் இருந்த அத்தனை கதைகளின் ஆரம்பமும் அவளுக்கு மனப்பாடம். முடிவு என்னவென்று கேட்டால்தான் முழிப்பாள். ஒரு கதையைக்கூட அவள் கடைசிப் பக்கம் வரை படித்ததில்லை.

குற்றம் புத்தகத்தின் மேல் இல்லை. மெலிந்த புத்தகம், கண்ணை உறுத்தாத பெரிய எழுத்து. ஆங்கிலத்தில் முதல் படி ஏறிவிட்டு அடுத்த படிக்கு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறவர்களுக்கென்றே எழுதிய சின்னச் சின்னக் கதைகள். படித்துக்கொண்டே போனால் வார்த்தைகள் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று பின்னட்டையில் போட்டிருந்தது. அவளோடு ஒட்டிக்கொண்டது தூக்கம்தான்.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். துவைத்து உலர்ந்து வரும் படுக்கை விரிப்புகளை, அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் விரித்து, கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடுகளவு மஞ்சள் தெரிந்தாலும் விரிப்பு மறுபடி இயந்திரத்துக்குப் போகும். மற்றவர்கள் பார்த்தும் பார்க்காததுபோல் ஒன்றிரண்டைத் தள்ளிவிடுவார்கள். ஷிஃப்ட் முடிய வேண்டாமா? அவளால் அது முடியாது. அவள் கையை விட்டுப் போன விரிப்பில் கறை இருந்ததாக எந்த வார்டும் இன்றுவரை குறை சொன்னதில்லை. கூடத்தில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. கிண்டலுக்கு வைத்த பெயர், நாளடைவில் மரியாதையாகிவிட்டது.

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு கதை படித்தால் என்ன ஆகும்? தெரியாத வார்த்தை ஒவ்வொன்றும் அவளுக்குக் கறைதான். நிற்பாள். அகராதியைப் புரட்டுவாள். அர்த்தத்துக்குள்ளேயே தெரியாத வார்த்தை இன்னொன்று உட்கார்ந்திருக்கும், அதையும் புரட்டுவாள். திரும்பி வருவதற்குள் கதையில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்பதே மறந்துபோயிருக்கும். மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் பக்கம் தாண்டுவதற்குள் கண் சொருகும். சாப்பாட்டு இடைவேளையிலும் பஸ்ஸிலும் இதே கூத்துதான்.

இந்த வயதில் இந்தப் பாடு எதற்கு என்றால், எல்லாம் ஒரு பகல் ஷிஃப்டுக்காக.

சலவைக்கூடத்தின் முன்பக்கம் ஒரு கவுன்ட்டர் உண்டு. வார்டுகளிலிருந்து வரும் நர்சுகளிடம் பேசி, என்ன வேண்டுமென்று கேட்டு, உள்ளேயிருந்து எடுத்துக் கொடுக்கும் இடம். காலையில் போனால் மாலையில் வீடு. அங்கே இருந்தவர் வேலையை விட்டுப் போகப்போகிறார். நர்சுகள் பல தேசத்துக்காரர்கள், எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம்தான். அதனால் இடைநிலை ஆங்கிலத் தேர்வில் தேறியவருக்குத்தான் அந்த நாற்காலி.

"உனக்குக் கொடுக்கணும்னுதான் எனக்கு ஆசை. ஆனா சர்டிஃபிகேட் இல்லாம நான் மேல வாயைத் திறக்க முடியாது," என்று சூப்பர்வைசர் அக்கா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அதே நாற்காலியின்மேல் இன்னொருத்திக்கும் ஒரு கண் இருந்தது.

அவள் கணவன் ரொட்டி வேன் ஓட்டுகிறவன். ஊர் விழிப்பதற்கு முன் எழுந்து போய், கடை கடையாக ரொட்டி இறக்கிவிட்டு, வேனை பேக்கரியில் விட்டுப் பிற்பகலில் பஸ்ஸில் திரும்புவான். அவள் வேலைக்குக் கிளம்புவதும் அந்தப் பிற்பகலில்தான். அவன் பஸ் வந்து நிற்பதற்கும் அவள் பஸ் வந்து நிற்பதற்கும் நடுவில் நிறுத்தத்து பெஞ்சில் கிடைக்கிற நேரம்தான் அவர்களுடைய இல்லறம். அவள் வீடு திரும்பும்போது அவன் உறங்கிக்கொண்டிருப்பான். அவள் கண்விழிக்கும்போது அவன் ஊரின் மறுகோடியில் இருப்பான். "நீங்க ரெண்டு பேரும் உண்மையில ஒரே ஆளுதானோ? சேர்த்துப் பார்த்ததே இல்லையே!" என்று மாடிவீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். கேள்வியை இருவரிடமும் தனித்தனியாகத்தான் கேட்க முடிந்தது, பாவம்.

ஒரே அடுப்பில் சமைத்ததைத்தான் இருவரும் சாப்பிட்டார்கள். அவள் சமைத்து, அவன் தட்டில் போட்டு, மூடி வைத்துவிட்டுப் போவாள். அவன் தின்றுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவள் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டுப் படுப்பான். தட்டைத் திறக்கும்போது மூடியின் உள்பக்கம் ஈரமாக இருக்கும். அதைப் பார்த்தால் அவளுக்குச் சில நாள் அழுகை வரும், சில நாள் கோபம் வரும். பெரும்பாலும் அலுப்புதான் வரும்.

புதன்கிழமை மட்டும் அவளுக்கு லீவு. அன்று சாயங்காலம் மூடியில்லாத இரண்டு தட்டுகள் எதிரெதிரே இருக்கும். அந்தப் புதன்கிழமையைத்தான் ஆங்கில வகுப்பு விழுங்கிவிட்டது. வகுப்பு வேறு நாளில் கிடையாது. வேண்டவே வேண்டாம் என்றாள் அவள். அவன்தான் விடவில்லை.

"கொஞ்ச மாசம் புதன்கிழமையை விட்டுக்கொடு. நீ பாஸ் பண்ணிட்டா அப்புறம் நமக்கு தினமும் புதன்கிழமைதான்," என்றான்.

டீச்சர் அவளைவிட வயதில் சின்னவள். நாள் முழுக்க எங்கெங்கோ வகுப்பெடுத்துவிட்டு, கடைசியாக இங்கே வந்து, கட்டிய தொண்டையோடு பேசுவாள்.

"சந்தோஷம், துக்கம், பெருசு, சின்னது, இதுக்கெல்லாம் உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும். நடுவுல இருக்கிறதுதான் தெரியாது. மனசே இல்லாம ஒரு காரியம் செய்றோமே, அது. செய்யலாமா வேண்டாமான்னு கை அப்படியே நின்னுபோகுதே, அது. இதையெல்லாம் லிஸ்ட் போட்டு நெட்டுரு போட்டா காலையில இருக்காது. கதையில யாரோ ஒரு ஆளு அப்படிச் செய்வான், பக்கத்துலேயே அந்த வார்த்தை நிக்கும். பார்த்தவுடனே பிடிச்சுக்கலாம்."

"தெரியலைன்னா டீச்சர்?" என்று இவள் கேட்டாள்.

"தாண்டிப் போயிடுங்க. முதல் தடவை எங்கேயும் நிக்கக் கூடாது. முடிவு வரைக்கும் போயிட்டு, அப்புறம் திரும்பி வந்து அகராதியைத் தொடுங்க."

தாண்டிப் போவதாவது! யாரிடம் போய் என்ன சொல்கிறாள் இந்தப் பெண் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் டீச்சர் சொன்னது பொய்யில்லை என்று ஒரே ஒரு தடவை கண்டுகொண்டாள். ஒரு கதையில் ஒரு பெண் வேலை முடிந்து வருகிறாள். வீட்டு வாசல் வரை வந்துவிட்டாள்; பையிலிருந்து சாவி எடுக்கத் தெம்பில்லாமல் செருப்போடு படியில் உட்கார்ந்துவிடுகிறாள். அவள் 'எக்ஸாஸ்டட்' என்று போட்டிருந்தது. அகராதி பக்கத்திலேயே இருந்தது, இவள் கை போகவில்லை. 'டயர்ட்' என்றால் களைப்பு, அது முன்பே தெரியும். இது அதற்கும் கீழே இருக்கிற இடம். களைத்துப்போவதற்குக்கூட ஆள் மிச்சமில்லாத இடம். அதைப் பிறகு அவள் மறக்கவேயில்லை. அந்தக் கதையையும் அவள் முடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

தேர்வில் புத்தகத்திலிருந்து ஒரு கதையைச் சொந்த வார்த்தைகளில் சொல்ல வேண்டும் என்று டீச்சர் அறிவித்தாள். மறுநாள் பஸ் நிறுத்தத்தில் கணவனிடம் புலம்பினாள்.

"முடிவே தெரியாம எப்படிங்க கதை சொல்றது?"

"இதுக்கா இந்த மூஞ்சி?" என்றான் அவன். "நீ பாதி படி, பூதக்கண்ணாடி. புத்தகத்தை என் பையில போட்டு வை. மீதியை நான் வேன்ல உக்காந்து படிச்சிட்டு வந்து சொல்றேன். எனக்கெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை நிக்கிற வியாதி கிடையாது."

அப்படித்தான் ஆரம்பித்தது. கடைகளில் பேசிப் பழகியதில் அவனுக்கு ஆங்கிலம் அவளைவிடச் சரளம். அவன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே, "இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா?" என்பான், பக்கத்துத் தெருவில் நடந்ததைச் சொல்வதுபோல. தமிழில் பாதி, ஆங்கிலத்தில் பாதியாக முடிவைச் சொல்லி, புத்தகத்தைக் கையில் திணித்து அவளை பஸ் ஏற்றிவிடுவான். போகிற வழியெல்லாம் அவள் அதை உதட்டுக்குள் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்பாள். விரிப்புகளோடு மல்லுக்கட்டும்போதும் அந்த முடிவு மனசில் ஓடும். நாளிலேயே அதுதான் அவளுக்கு இதமான நேரம்.

எல்லாம் நல்ல முடிவுகள். காணாமல்போன பெண் கிடைத்துவிட்டாள். அப்பா, அம்மா, பெண் மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். திருடன் மனம் திருந்தி வந்தான். வீட்டுக்காரர் அவனுக்கும் ஒரு தட்டு வைத்தார். சாவி எடுக்கத் தெம்பில்லாமல் படியில் உட்கார்ந்தவள்? கதவை உள்ளேயிருந்து புருஷன் திறந்து, "சூடா இருக்கு, வா" என்றான்.

"இந்தக் கதை எழுதினவங்களுக்கு எப்பவும் பசிதான் போலிருக்கு," என்றாள் அவள்.

"எழுதறதுன்னா சும்மாவா? பசிக்காதா?" என்றான் அவன், கொட்டாவியை விழுங்கிக்கொண்டு.

தேர்வு ஒரு புதன்கிழமை பிற்பகலில் வந்தது. தேர்வாளர் கனத்த கண்ணாடி போட்ட பெரியவர். காலையிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டு அலுத்துப்போய், ஆறிப்போன டீக்கோப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேசியது முழுக்க ஆங்கிலத்தில்தான். அவள் பேச்சில் இருந்த தப்புகளையெல்லாம் இங்கே விரித்துக் காட்டினால் மரியாதையாக இருக்காது. விஷயம் தெரிந்தால் போதும்.

அவள் படகுத்துறைக் கதையை எடுத்தாள். ஒருவன் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவன். அவனும் அண்ணனும் பேச்சை நிறுத்திப் பல வருஷம். அண்ணன் தினமும் அதே படகில்தான் ஆற்றைக் கடக்கிறான். தம்பி முகத்தைப் பார்க்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பான். ஒருநாள் அண்ணன் தன் பையைப் படகில் விட்டுவிட்டுப் போய்விடுகிறான். தம்பி 'ரிலக்டன்ட்', மனசே இல்லாமல் பையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடக்கிறான். கதவைத் தட்டக் கையைத் தூக்கியவன் 'ஹெசிடேட்' செய்கிறான், கை அந்தரத்திலேயே நிற்கிறது. இதுவரை அவள் படித்தது.

மீதி கணவன் சொன்னது. கதவு திறந்தது, அண்ணி நின்றாள், "இவ்வளவு நேரமா? சாப்பாடு ஆறுகிறது" என்றாள், மூவரும் உட்கார்ந்தார்கள். அதையும் தங்குதடையில்லாமல் சொன்னாள்.

தேர்வாளர் நிமிர்ந்தார். காலையிலிருந்து அந்தக் கதையைப் பல பேர் சொல்லிவிட்டார்கள். இந்த முடிவை ஒருவரும் சொல்லவில்லை.

"புத்தகத்தில் இப்படி முடியவில்லையே, அம்மா," என்றார். பிறகு அவராகவே, "முடிவை நீங்களே மாற்றினீர்களா? அப்படியானால் நல்லதுதான். அதை நான் ஏற்றுக்கொள்வேன்," என்றார்.

ஆமாம் என்றால் போதும். ஒரே வார்த்தை, முதல் படியில் கற்ற வார்த்தை. பகல் கவுன்ட்டர், மாலையில் வீடு, தினமும் புதன்கிழமை, எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு அந்தப்பக்கம் நின்றன. சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் கறை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் தள்ளிவிட அவளுக்கு எந்தக் காலத்தில் வந்தது? அதோடு, அது அவன் முடிவு. அவனுடையதை எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொள்ள அவளுக்கு மனசு இடம் கொடுக்கவில்லை.

"இல்லை ஐயா. நான் கடைசிப் பக்கம் படிக்கவில்லை. இது என் கணவர் சொன்ன முடிவு."

"அவர் ஏன் மாற்றிச் சொன்னார்?"

தெரியாது என்றுதான் ஆரம்பித்தாள். அதற்குள் எல்லா முடிவுகளும் வரிசையாக வந்து மனசில் நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, மேசைமேல் தட்டுகள், எதிரெதிரே மனிதர்கள். இத்தனை நாள் விரிப்பு விரிப்பாகக் கறை பார்த்த கண்ணுக்கு இது எப்படித் தெரியாமல் போனது? பேச ஆரம்பித்தாள். ரொட்டி வேனைச் சொன்னாள், மூடிய தட்டுகளைச் சொன்னாள், மூடியின் உள்பக்க ஈரத்தைச் சொன்னாள், வகுப்புக்குப் போன புதன்கிழமைகளைச் சொன்னாள். தெரியாத வார்த்தை வந்த இடத்தில் நிற்காமல் தாண்டித் தாண்டிப் போனாள். தாண்டியது தெரியாமலே தாண்டினாள்.

"ஹி இஸ் நாட் டயர்ட், சார்," என்று முடித்தாள். "ஹி இஸ் எக்ஸாஸ்டட்."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பேச்சில் அவள் தேறிவிட்டாள், நன்றாகவே தேறிவிட்டாள் என்றார். "ஆனால் வாசிப்புக்கு நான் மதிப்பெண் போட முடியாது. நீங்கள் படிக்கவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இரண்டும் சேர்ந்தால்தான் சான்றிதழ். அடுத்த தேர்வுக்கு வாருங்கள்," என்றார். அதைச் சொல்ல அவருக்கும் மனசில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அடுத்த தேர்வு வருவதற்குள் கவுன்ட்டர் நாற்காலியில் அந்த இன்னொருத்தி உட்கார்ந்திருப்பாள் என்பது அவருக்குத் தெரியாது.

அவன் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் காத்துக்கொண்டிருந்தான். அவள் இறங்கும்போதே எழுந்து நின்றான்.

"என்ன ஆச்சு?"

"படகுத்துறைக் கதை நீங்க சொன்ன மாதிரி முடியலையாமே."

அவன் அவளைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் போகிற வண்டிகளைப் பார்த்தான்.

"நீங்க படிச்சீங்களா இல்லையா? உண்மையைச் சொல்லுங்க."

"எங்க படிச்சேன்," என்றான். "வேனை ஓரங்கட்டிட்டு புத்தகத்தைத் திறந்தா மூணாவது வரியில கண்ணு சொருகிடும். கடைக்காரன் வந்து கண்ணாடியைத் தட்டினாத்தான் முழிப்பு வரும்."

"எல்லாக் கதையுமா?"

"எல்லாக் கதையும்தான். திரும்பி வர்றப்போ பஸ்ல யோசிப்பேன். நீ இங்க நின்னுட்டிருப்பே, மீதியைக் கேக்கணும்னு. முடிக்கலைன்னு சொல்ல வாய் வரலை. எனக்குத் தெரிஞ்ச ஒரே முடிவு அதுதான், அதையே சொன்னேன்."

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. பாஸ் பண்ணவில்லை என்றாள். ஏன் என்றும் சொன்னாள். அவன் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"என்னாலதான்."

"ஆமா, உங்களாலதான்," என்றாள் அவள். ஆறுதலுக்காகக்கூட இல்லை என்று சொல்லவில்லை. பிறகு அவன் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "எழுந்திரிங்க, வீட்டுக்குப் போலாம். இன்னைக்கு கிளாஸ் இல்லை," என்றாள்.

அன்று வெளிச்சம் இருக்கும்போதே இரண்டு தட்டுகளும் எதிரெதிரே இருந்தன. அவள் பரிமாறினாள். அவன் கை வைக்காமல், "அப்போ அது எப்படித்தான் முடியுது? படியேன், கேப்போம்," என்றான். அவள் புத்தகத்தை எடுத்து, தம்பியின் கை அந்தரத்தில் நின்ற இடத்திலிருந்து உரக்கப் படித்தாள். தெரியாத வார்த்தைகள் வந்தன. வரட்டும் என்று போய்க்கொண்டே இருந்தாள்.

தம்பி கதவைத் தட்டுகிறான். பதில் இல்லை. மறுபடி தட்டுகிறான். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, இன்று காலையே காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள், எங்கே என்று தெரியாது என்கிறாள். பையைத் திறந்தால், இத்தனை வருஷம் அவன் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டுகள், ஒன்றுவிடாமல் எல்லாம். வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்தக் கடைசி வரிக்குக் கீழே வெற்றுத் தாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஆங்கிலக் கதையை முடித்துவிட்டாள். சொல்வதற்கு நிமிர்ந்தால், அவன் தூங்கிக்கொண்டிருந்தான். முதல் தட்டுதலுக்கு முன்பே தூங்கியிருக்க வேண்டும். மோவாய் மார்பில் கிடந்தது, கை தட்டின் ஓரத்திலேயே இருந்தது.

எழுப்ப மனம் வரவில்லை. அவன் தட்டை மெல்ல இழுத்து மூடி வைத்தாள். தன் தட்டைப் பார்த்தாள். அதையும் மூடி வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அலுப்பு மட்டும் அப்படியே இருந்தது.

ஜன்னலில் வெளிச்சம் குறைந்தபோது அவன் திடுக்கிட்டு விழித்தான். இரண்டு மூடிகளையும் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"தூங்கிட்டேனா? நீ சாப்பிடலையா?"

"இல்லை."

"கதை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"என்ன ஆச்சு? கதவைத் திறந்தாங்களா?"

கடுகளவு கறையைக்கூட விடாதவள் அவள். புத்தகத்தை மூடிக் கீழே வைத்தாள்.

"திறந்தாங்க," என்றாள். "நீங்க சொன்ன மாதிரித்தான். கொஞ்சம் லேட்டா திறக்குறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்."

"அப்போ சாப்பாடு?"

"ஆறிப்போச்சு," என்றபடி இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு அவள் அடுப்புப் பக்கம் போனாள். "சூடு பண்றாங்க. மறுபடி தூங்கிடாதீங்க."